இருநூறு லிட்டர் கடல்

என் வீட்டுக்காரரின் நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ‘கூலிங்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். இருபத்திரண்டு வருடம் ஏசி மெக்கானிக். எந்த மாடியில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதல் போன் அவருக்குத்தான். தொழிலில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தன் கை செய்த வேலையில் தப்பு வரும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். சரி செய்த மெஷின் மறுபடி நின்றால் கரண்ட் சரியில்லை என்பார், கதவைத் திறந்து போட்டீர்கள் என்பார். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரை மாறிப் போனால், ஆமாம் மாறிவிட்டது என்று அந்த நிமிடமே சொல்லியாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை.

போன வருடம் ஒரு இரண்டாவது மாடி வெளிச்சுவரிலிருந்து விழுந்தார். இடது முட்டியில் கம்பி வைத்தார்கள். இனி உயரம் ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் தொழிலில் பாதி வேலை உயரத்தில்தான். வீட்டுக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் நாலு மாதம் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். நான் வம்புக்கு இழுத்தால்கூட ‘ம்’ என்பதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து சண்டை போடாமல் ஒரு வாரம் போனதில்லை. அந்த மனிதர் நாலு மாதம் சண்டை போடாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில், காத்திருக்கும் அறையில் ஒரு உப்புத்தண்ணீர் மீன்தொட்டி இருந்தது. ஒரு நாள் அதன் அடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து குனிந்து பார்த்தார். தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் அங்கே முனகிக்கொண்டிருந்தது. “ஃபேன்ல தூசி அடைச்சிருக்கு” என்றார். நாலு மாதத்தில் அவர் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் பேப்பரும் பென்சிலும் கேட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! வீட்டில் அதே மாதிரி ஒரு மீன்தொட்டி வைக்க அவர் போட்ட திட்டம் எங்கள் கல்யாணத்துக்குக்கூடப் போட்டதில்லை. இருநூறு லிட்டர் தண்ணீர், அதோடு கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எவ்வளவு கனம், எங்கள் கூடத்துத் தரை அதைத் தாங்குமா என்று கணக்குப் போட்டார். அடியில் உத்தரம் ஓடும் சுவரோரமாக இடம் பார்த்தார். வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தார். ஸ்டாண்டின் நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு மூலையில் கால் விரற்கடை இறக்கம் என்று தகடு சொருகினார். என் தையல் மிஷின் படுக்கையறைக்குக் குடிபெயர்ந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலி காலியாக இருக்கிறதே, அது போதும் எனக்கு.

மீன் வாங்கப் போன கடையில் அவருக்குச் சமமான ஒரு ஆள் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா. கண்ணாடி கழுத்தில் தொங்கும், சிரிப்பு எங்கேயும் தொங்காது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீனை இவர் காட்டினார்.

“தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு?”

“நேத்துதான் தண்ணி ஊத்தினேன்.”

“அப்ப மீன் கிடையாது. ஆறு வாரம் தண்ணிய ஓட விடுங்க. கழிவைத் திங்கிற கிருமி கல்லுலயும் மணல்லயும் வளரணும். அப்புறம் நாலு நத்தை தர்றேன். அது பத்து நாள் நடமாடினா இந்த ஜோடி உங்களுக்கு. அதுவரைக்கும் யாருக்கும் விக்க மாட்டேன்.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் இவர் விட்டிருக்க மாட்டார். அந்த அம்மாவிடம் “சரிங்கம்மா” என்று தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருடமாக நான் சொன்னதற்கு ஒரு நாளாவது அப்படித் தலையாட்டியிருப்பாரா?

ஆறு வாரம் மீனில்லாத தொட்டியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினோம். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, “என்ன, தண்ணியையா வளர்க்கிறீங்க?” என்றாள். “ஆமா, தண்ணிதான். எதிர்த்துப் பேசாது” என்றேன். இவர் தினம் காலையில் உப்பு அளந்தார், சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார், நோட்டில் எழுதினார். நான்காவது வாரம் வெயில் ஏறியதும் தண்ணீர் சூடாக ஆரம்பித்தது. கடையில் குளிர்விக்கும் மெஷின் வாங்கலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சமையல்காரனிடம் ஓட்டலில் சாப்பிடலாமா என்று கேட்ட மாதிரி.

மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து தானே ஒன்று செய்தார். பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரசர், புதுச் செம்புக் குழாய். குழாயை ஒரு நசுங்கல் இல்லாமல் பதினான்கு சுற்று வளைத்து, தொட்டிக்குக் கீழே, அதன் தண்ணீர் வந்து திரும்பும் பெட்டிக்குள் முங்க இறக்கினார். கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவி மூன்று தடவை பார்த்தார். அவர் வைத்த அளவிலேயே தண்ணீரின் சூடு அப்படியே நின்றது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆறு வாரம் முடிந்து நத்தைகள் வந்தன. இரண்டாவது நாள் நாலும் மல்லாந்து கிடந்தன. கடைக்கார அம்மா இன்னும் நாலு கொடுத்தார். அவையும் மூன்று நாள் தாண்டவில்லை. இவர் வழக்கம்போல ஆரம்பித்தார். முதலில் நான் தரை துடைக்கும் திரவம். அப்புறம் என் முகப் பவுடர். பக்கத்து வீட்டுக்காரி விரலை விட்டிருப்பாள் என்று ஒரு புகார். கடைசியில் கடை நத்தையே நோஞ்சான் என்றார். நானும் விடாமல் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் நாலாவது நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் ஒரு மருந்துப் பாட்டிலைச் சுத்தமாகக் கழுவி, தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்கு ஓடினேன். அந்த அம்மா ஏதேதோ சொட்டு விட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில், “தண்ணிக்குள்ள ஏதாவது உலோகம் இருக்கா?” என்று கேட்டார். அவர் வளைத்த செம்புக் குழாய்ச் சுருளைப் பற்றிச் சொன்னேன். வேறொரு சொட்டு விட்டார். தண்ணீர் நீலமாகிவிட்டது.

“காப்பர். உப்புத்தண்ணி அரிச்சுக் கரைச்சிருக்கு. மீன் கொஞ்சம் தாங்கும், நத்தை, இறால் எல்லாம் ஒரு சொட்டுகூடத் தாங்காது. கல்லும் மணலும் அதைக் குடிச்சிருக்கும். அவ்வளவையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லருந்து ஆரம்பிக்கணும்.”

இருபத்திரண்டு வருடமாகக் குழாயிலிருந்து கேஸ் வெளியே போகிறதா என்று பார்த்துப் பழகிய மனிதர். குழாயே தண்ணீரில் கரைந்து போகும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? நான் உடைந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி, நாற்காலி, நாலு மாதம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் கறார் அம்மா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என் நத்தைதான் சரியில்லன்னு சொல்லிடட்டுமா? பழி என் மேல இருக்கட்டும். சுருளை வேற ஏதாவது சாக்கு சொல்லிக் கழட்டிக்கலாம்.”

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரரின் கைவேலையைப் பற்றி அவரிடமே பொய் சொல்லி, நான் என்னத்தைக் காப்பாற்றப் போகிறேன்?

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். “உங்க காப்பர் சுருள்தாங்க கொன்னிருக்கு. கல்லு, மணல் எதுவும் இனி ஆகாது.”

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “யார் சொன்னா?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அன்று முழுக்க நாற்காலிதான். எல்லாம் என்னால்தான், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று நூறு தடவை நினைத்தேன்.

காலையில் வாளிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். கல்லும் மணலும் வாசலில் குவிந்து கிடந்தன. காலி தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கிளம்பு, கடைக்குப் போகணும்” என்றார்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இவர் நொண்டிக்கொண்டே நேராகப் போய், பையிலிருந்து அந்தப் பதினான்கு சுற்றுச் சுருளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதை நான்தான்மா செஞ்சேன். இதுதான் உங்க எட்டு நத்தையையும் கொன்னுச்சு. உங்க நத்தை மேல பழி போட்டேன், வீட்ல இவ மேலயும் போட்டேன். தப்பு என் கையிலதான். ஆறு வாரத்துக்கு மறுபடி உப்பும் கல்லும் குடுங்க.”

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் மீன் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

கூட்டத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள். “சார், எங்க வீட்லயும் தொட்டி சூடாகுது. காப்பர் ஆகாதுன்னா அப்ப எப்படித்தான் குளிர வைக்கிறது?”

“தொட்டி எவ்வளவு பெருசு? எந்தப் பக்கத்துச் சுவர்?” என்று இவர் ஆரம்பித்தார். ஒரு அட்டைப்பெட்டியைப் புரட்டிப் போட்டுப் படம் வரைந்தார். உலோகமே தண்ணீரைத் தொடாமல் பிளாஸ்டிக் குழாயில் எப்படிச் செய்யலாம் என்று விளக்கினார். மற்றவர்களும் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் போன் நம்பர் கேட்டார். நான் உப்பு வாளியும் கையுமாக நின்று பார்த்தேன், கால் வலித்தது.

“ஏங்க, போலாமா?”

“இரும்மா, இவங்களுக்கு முடிச்சுட்டு வந்துர்றேன்” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வேலைக்குப் போன இடத்திலெல்லாம் ‘முடிச்சுட்டு வர்றேன்’ என்று என்னைக் காக்க வைத்த இந்த ஒரு வார்த்தைக்காக இருபது வருடம் அவரோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். உப்பு வாளியைக் கவிழாமல் கீழே வைத்து, அதன் மூடிமேலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டேன். முடிக்கட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.