கல்வெட்டில் வெட்டிய வரி

அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டில் ஒரு பிழை இருக்கிறது. இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையும் தேவாரங்களையும் சேர்த்து, படத்தோடு சின்னப் புத்தகமாக அடித்து, அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். வரலாற்றுப் பக்கத்தை நான்தான் எழுதினேன். “இறுதி மூன்று ஆண்டுகளையும் வீட்டிலேயே இறைசிந்தனையில் அமைதியாகக் கழித்தார்” என்று அதில் ஒரு வரி வருகிறது. எல்லாக் கல்வெட்டிலும் இப்படி ஒரு வரி இருக்கும், ஒருவரும் நின்று படிக்கமாட்டார்கள். அந்தத் துணிச்சலில்தான் எழுதினேன். உண்மையில் அந்த மூன்று வருடமும் அம்மாவை வீட்டுக்குள் அடைத்து வைத்தவள் நான்.

அம்மா தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்தார். ஐந்து பிள்ளைகளை வளர்த்து, அப்பாவையும் அனுப்பிவிட்டு, எழுபதாவது வயதில் ஊரிலிருந்து லண்டன் தோர்ண்டன் ஹீத்துக்கு என்னிடம் வந்தார். இந்தக் குளிரில் மனுசி எப்படி இருக்கப் போகிறதோ என்று நான் கவலைப்பட்டேன். வந்த மூன்றாம் நாளே ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், பூங்காவில் மழைத் தூறலுக்குள் ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

யன்னல் பூட்டிக் கிடந்தால் அவருக்கு மூச்சு முட்டும். எந்தத் தெருவில் எந்த மரம் முதலில் பூக்கும் என்று தெரியும். ரயில் பாதை வேலியோரம் பிளாக்பெரி பழுக்கிற காலத்தில் ஐஸ்கிரீம் டப்பாவோடு போவார். திரும்பி வரும்போது டப்பா வெறுமையாக இருக்கும், நாக்கு மட்டும் கறுத்திருக்கும். கோட்டோடு இருக்கும் தொப்பியை இழுத்துப் போடச் சொன்னால், “காதை மூடிக்கொண்டு வெளிய போய் என்ன பிரயோசனம்?” என்பார்.

எண்பத்தொன்பதாவது வயதில், உறைபனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எனக்கு ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பகல் ஷிப்ட். அதன்பிறகு வேலையில் நிற்கும்போது போன் அடித்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். கட்டு அவிழ்த்த கிழமை, வெளியே போகக் காலில் போடும் அவருடைய ஒரே சப்பாத்தை எடுத்து பொய்லர் அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணைக்கு மட்டும் சொன்னேன். “நல்ல வேலை செய்தாய்” என்றார்.

அம்மா இரண்டு நாள் தேடினார்.

“என்ர சப்பாத்தைக் கண்டனியே பிள்ளை?”

“இல்லையம்மா.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்கவேயில்லை. நான் வேலையால் வரும்போது டிவிக்கு முன்னால் இருப்பார். நகத்துக்குள் மண் இருந்தால், குசினி யன்னலோரத்துக் கறிவேப்பிலைச் சாடியைக் கிண்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இந்த வயதில் இவ்வளவு நல்ல நெஞ்சு என்று டொக்டர் புகழ்ந்தபோது, என் பராமரிப்பைச் சொல்கிறார் என்று எனக்குப் பெருமை வேறு.

போன மார்ச்சில் ஒரு காலை தேத்தண்ணியோடு போனேன். நித்திரையிலேயே போய்விட்டிருந்தார். அன்றைக்குத் தொடங்கிய குற்றவுணர்வு என்னைத் தின்றது. வெளியை அவ்வளவு ஆசைப்பட்ட மனுசியை மூன்று வருடம் நாலு சுவருக்குள் வைத்துவிட்டேனே என்று குமைந்தேன். பெட்டிக்குள் வைக்கலாம் என்று அந்தச் சப்பாத்தைக் கொண்டு போனேன். ரப்பர் அடி தகனத்துக்கு ஆகாது என்று செத்தவீட்டை நடத்தியவர் மரியாதையாகச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பித் தந்தார். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு கார் தரிப்பிடத்தில் நின்று அழுதேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பை நிறைய பச்சை லீக்ஸ் தண்டுகளோடு எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். மன்னார்ப் பக்கத்து ஆள். தமிழ்க் கடையில் ஒட்டியிருந்த அறிவித்தலில் அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கல்வெட்டைக் கொடுத்தேன். நின்ற நிலையில் ஒரு வரி விடாமல் படித்தார்.

“தங்கச்சி, இதில ஒண்டு பிழையா அடிச்சுக் கிடக்கு.”

“எது அக்கா?”

“வீட்டிலேயே இருந்தவ எண்டு போட்டிருக்கு. அம்மா கிழமையில மூண்டு நாலு நாள் என்னோட தோட்டத்தில எல்லோ நிண்டவ.”

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை போகிறது. அது முடிகிற இடத்தில் கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்று இவருடையது.

“அம்மாட்ட சப்பாத்தே இல்லையே,” என்றேன்.

“நீலச் சப்பாத்து, நல்ல பெரிசு. பேரன்ர எண்டவ. நுனியில காலுறை அடைஞ்சு போட்டுக்கொண்டு வருவா. நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு வந்து, ரெண்டு மணிக்குள்ள போயிடுவா.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். தொண்ணூறு வயது, சேறு, அளவில்லாத சப்பாத்து. “விழுந்திருந்தால்?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“விழுந்தவதான், ரெண்டு தரம். லீக்ஸுக்கு மேல. எழுப்பிவிடச் சிரிச்சுக்கொண்டு நிண்டவ.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டா. ‘மகள் பயந்தவள், நான் உள்ளுக்க இருக்கிறன் எண்டு நினைச்சால்தான் அவளுக்கு வேலை செய்ய ஏலும்’ எண்டு சொன்னவ.”

பின்கதவுக்குப் போனேன். மகன் யூனிவர்சிட்டிக்குப் போகும்போது விட்டுப்போன நீலச் சப்பாத்து, அங்கேயிருந்த சப்பாத்து அடுக்கின் அடித்தட்டில் கிடந்தது. அடியில் காய்ந்த சேறு. நுனிக்குள் என்னுடைய இரண்டு காலுறைகள். வோஷிங் மெஷின் விழுங்கிவிட்டது என்று நான் திட்டித் தீர்த்தவை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். நான் கலங்கக்கூடாது என்பதற்காக அந்த மனுசி மூன்று வருடமும் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, கையைக் காலைக் கழுவி, டிவியைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அழுகை வந்தது, ஆனால் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். மிஞ்சிய கல்வெட்டுகளைத் தனக்கு அனுப்பச் சொன்னார்.

“அனுப்புறன் அண்ணை. கொஞ்சம் பொறுங்கோ. ஒரு வரியைப் பேனையால வெட்டிக்கொண்டிருக்கிறன்.”

“ஏன், என்ன பிழை?”

“அம்மா வீட்டில இருக்கேல்லை.”

அவர் மெதுவாகக் கேட்டார். “அப்ப, சப்பாத்து?”

“என்ர மோன்ர. மூண்டு சைஸ் பெரிசு.”

அண்ணை மூக்கை உறிஞ்சினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு, நான் அடுத்த புத்தகத்தை எடுத்து அந்த வரியை வெட்டினேன்.