மூக்கு வெர்லீனும் மஞ்சள் காதுக்காரியும்

முகத்தை அப்படியே அந்த முதுகுப்பைக்குள் நுழைத்துக்கொண்டு, "வேர்க்கடலை வெண்ணெய், சரி. மாட்டுக்கறி வத்தல், சரி. இதென்னப்பா, புதினா?" என்றாள் வெர்லீன் ஆட்டிங்கர்.

பைக்காரன் ஓஹையோவில் பல் மருத்துவன். பாதையில் அவன் பெயர் கரண்டி. ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மேய்ன் மாநிலம் வரைக்கும் மலைமேல் போகிற அந்த நெடும்பாதையில் நடக்கிறவர்களுக்கு வீட்டுப் பெயர் வீட்டோடு சரி. கூட நடப்பவர்கள் வைப்பதுதான் இங்கே பெயர். கரண்டியை மறந்துவிட்டு வந்து சீப்பால் நூடுல்ஸ் தின்றவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வெர்லீனுக்கு 'மூக்கு' என்று வைத்தார்கள்.

"அது பற்பசை மூக்கக்கா. திங்கிற சாமானா அது?"

"உனக்கு இல்ல கண்ணு. அந்தம்மாவுக்கு அது மிட்டாய். மேல கட்டு."

"பல் டாக்டரப் பாத்து பற்பசை இல்லாமப் படுங்கிறீங்களே."

"பல்லு போனா நீயே கட்டிக்குவ. அந்தம்மா போயிட்டா எவன் கட்டித் தருவான்?"

அன்று அவளுக்குச் சளி பிடித்து மூக்கடைத்திருந்தது; அப்படியும் இந்தப் புதினாவைக் கண்டுபிடித்துவிட்டாள். மற்ற நாளில் கேட்கவே வேண்டாம். ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், பின் இருக்கையில் எந்தப் பிள்ளை ஆரஞ்சு உரிக்கிறது என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொல்வாளாம். ஓய்வு பெற்றதும், பாதையைப் பராமரிக்கிற கழகம் அவளைப் பனி உருகுவதிலிருந்து இலை உதிர்வது வரைக்கும் ஹிக்கரி கணவாயில் காவலுக்குக் கொண்டுவந்து விட்டது. மூன்று சுவரும் ஒரு கூரையும் உள்ள தங்குமிடம். அதற்குச் சற்றுத் தள்ளி, இரண்டு பெரிய ஓக் மரங்களுக்கு நடுவே உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி. பொழுது சாய்வதற்குள் வந்தவர்களின் சாப்பாட்டுப் பைகளெல்லாம் கப்பியில் ஏறி, கரடிக்கு எட்டாமல் அந்தக் கம்பியில் பலாக்காயாய்த் தொங்கியாக வேண்டும். தொங்கும்வரை வெர்லீன் உட்காரமாட்டாள். யாரையும் உட்காரவும் விடமாட்டாள்.

கம்பி இல்லாத இடத்தில் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிளைக்கு மேலே எறிய வேண்டும். அந்த எறிதலில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை கிளையைத் தாண்டிப் போன கல் மேகத்தில் மாட்டிக்கொண்டதென்றும், மறுநாள் மழையோடுதான் இறங்கியதென்றும் பாதையில் பேச்சு. அவள் மறுப்பதில்லை. "மழ கொஞ்சம் லேட்டு" என்பாள், அவ்வளவுதான்.

புதிதாய் வருகிறவர்கள் பையை ஏற்றிவிட்டுக் கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டுவார்கள். கரடி வரும், பையைப் பார்க்கும், கயிற்றைப் பார்க்கும், முடிச்சுக்கு மேலே ஒரு கடி. இன்னும் சிலர் கரடியால் உடைக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா கொண்டுவருவார்கள். தூக்க வசதியாக இருக்கட்டுமென்று ஒருவன் அதற்குக் கயிற்றில் பிடி கட்டினான்; கரடிக்கும் அதே வசதியாகப் போயிற்று. திறக்க முடியாத அந்த டப்பாவை டென்னசிச் சரிவில் ஒரு கரடி முக்காலியாகப் போட்டு உட்கார்ந்திருக்கிறதென்று வெர்லீன் சத்தியம் செய்கிறாள்.

'அந்தம்மா' சமாச்சாரத்தில் மட்டும் அவள் கதை விடுவதில்லை. அது ஒரு பெண் கரடி. போன இலையுதிர் காலத்தில் எவனோ கூடாரத்துக்குள் தொத்திறைச்சியை வைத்துக்கொண்டு தூங்கினான். கூடாரம் கிழிந்தது. வனத்துறைக்காரர்கள் கரடியைப் பிடித்து, காதில் அடையாளத்துக்கு மஞ்சள் வில்லை மாட்டி விட்டுவிட்டார்கள். அது முதல் எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கை என்று ஒன்று கிடையாது. இன்னொரு வாய் மனிதச் சோறு உள்ளே போனால் துப்பாக்கிதான்.

"நல்லதா ஒரு பேரு வெக்கலாமேக்கா" என்று யாராவது கேட்பார்கள்.

"பேரு வெச்சா அடுத்தது சோறு வெப்பீங்க" என்பாள்.

அன்று பற்பசையும் மேலே போனது. வெர்லீன் கம்பியை அண்ணாந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு, கனைத்துக்கொண்டே மரக்கட்டைமேல் உட்கார்ந்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. காய்ந்த இலை ஒன்றுகூட நொறுங்கவில்லை. புதரிலிருந்து அந்தம்மா வந்து நின்றாள்.

அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சத்தமில்லாமல் எப்படி வந்ததென்று கேட்டால், அங்கிருந்த ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ஈரக் கறுப்பு. மூச்சு ஆவியாக எழுந்தது. மஞ்சள் வில்லை காதில் கம்மலாய் ஆடிற்று. கம்பிக்குக் கீழே நின்று மேலே தொங்கிய பைகளை ஏறிட்டுப் பார்த்தாள், எட்டாத கடையை ஏழை பார்ப்பதுபோல். பிறகு மூக்கை மெல்லத் திருப்பினாள். நேராக வெர்லீன் பக்கம்.

கரண்டி பாத்திரத்தைத் தட்டினான். மற்றவர்கள் கத்தினார்கள். கரடி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஓரெட்டு வைத்தது. இன்னோரெட்டு.

வெர்லீனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. தேன் போட்ட இருமல் மிட்டாய். மத்தியானத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள். ஊரார் பையெல்லாம் மோந்தவளின் அடைத்த மூக்குக்குத் தன் சட்டைப் பை மட்டும் எட்டவில்லை.

"தூக்கிப் போடுங்கக்கா," கரண்டியின் குரல் கீச்சென்றது. "அதத்தான் கேக்குது. போட்டுட்டு இந்தப் பக்கம் வந்துருங்க."

"போட்டா அவ உசிரு போச்சுடா."

சொல்லிவிட்டு மிட்டாய் அத்தனையையும் காகிதத்தோடு வாயில் அடைத்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பின. எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினாள். கரடி முன்னங்கால்களால் தரையை ஓங்கி அறைந்து சீறியது. மண் அவள் செருப்பில் தெறித்தது. வெர்லீன் அசையவில்லை. வாய் நிறைய மிட்டாயோடு, பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கிற குரலில், "வூட்டுக்குப் போ தாயி," என்றாள். "இங்க உனக்கு ஒண்ணுமில்ல. போயிரு."

அந்த மூக்கும் இந்த மூக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு அந்தம்மா பெருமூச்சு ஒன்றை விட்டுத் திரும்பினாள். வந்த வழியே, வந்ததுபோலவே சத்தமில்லாமல் போனாள். புதருக்குள் அந்த மஞ்சள் மட்டும் சற்று நேரம் தெரிந்தது.

வெர்லீன் மிட்டாயை மென்று விழுங்கிவிட்டு, தன் சாப்பாட்டுப் பையைக் கம்பியிலிருந்து இறக்கி, காகிதங்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து அதில் போட்டாள். சட்டையைக் கழற்றிச் சுருட்டி அதையும் உள்ளே திணித்தாள். அந்தக் குளிரில் உள்பனியனோடு நின்று கயிற்றை இழுத்து, பையை மறுபடியும் பற்பசைக்குப் பக்கத்தில் ஏற்றினாள். கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து ஓடையில் கழுவிக்கொண்டு வந்தாள்.

நேராகக் கரண்டியின் முன்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இன்னிக்கு என் மூக்க நம்ப முடியாது, நீ மோந்து சொல்லு கண்ணு."