நாற்காலியைப் பிடித்துக் குனிந்தவர்

மலாக்காவில் காஜா பெராங் வீட்டிலிருந்து என்னோடு வந்து சேர்ந்தது ஒரு மர நாற்காலி. அதன் முதுகுச் சட்டத்தில் இரண்டு இடங்களில் மட்டும் வார்னிஷ் இல்லை. அப்பாவின் உள்ளங்கைகள் தேய்த்த இடங்கள் அவை. ஜப்பான்காரன் காலத்தில் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மறுபடி நடக்கப் பழகினார். பிறகு, குனியவும்.

விமானச் சத்தம் கேட்டுப் பதுங்கு குழிக்கு ஓடியவர் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். குண்டு என்னவோ வேறெங்கோதான் விழுந்தது. மருத்துவமனையில் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, மருந்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வைத்தியம் எல்லாம் பக்கத்து வீட்டு டிரஸ்ஸர்தான், மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப்போடுபவர். மலாக்கா செட்டிக்காரர், கோவிலில் திருநீறு பூசுவார், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய வம்சம் என்பதால் பேசுவது மலாய். அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: நடக்கலாம், குனியக் கூடாது. பிற்காலத்தில் நான் மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை பார்த்தபோது, இடுப்பு முறிந்தவர்களுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளிலும் அதுவே இருந்தது. சரியான விதிதான். சாலை முனையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு அது தெரியாது, அவ்வளவே.

அப்பா பண்டகசாலையில் கணக்கெழுதும் கிராணி. வேலைக்குப் போனால் அரிசி, போகாவிட்டால் மரவள்ளிக்கிழங்கு. இன்னும் படுத்திருந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். போகும் வழியில் அந்தச் சிப்பாய். கடப்பவர் எல்லாரும் இடுப்பு மடியக் குனிந்து வணங்க வேண்டும். குனிந்தது போதாதென்றால் கன்னத்தில் அறை. அப்பாவின் இடுப்புக்கு ஓர் அறை தாராளம்.

எனவே மாலைதோறும் அம்மா விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிப்பாயாக வாசலில் நின்றாள். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்னங்க, தலையத்தானே ஆட்டுறீங்க. இடுப்பு எங்க மடியுது?"

"பொண்டாட்டிக்கு இது போதும்."

"பொண்டாட்டிக்குப் போதும். துப்பாக்கி வெச்சிருக்கவனுக்குப் போதாது."

வேலிக்கு அப்பாலிருந்து டிரஸ்ஸர் "ஜாங்கான், ஜாங்கான்!" என்று கத்துவார். வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். "அத அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்பாள் அம்மா. அப்பா வலியில் அம்மாவைத் திட்டுவார். அம்மா அழுதுகொண்டே, "இன்னும் கொஞ்சம்" என்பாள். ஒரு மனிதன் குணமாவதை அவன் எவ்வளவு தாழ்ந்து குனிகிறான் என்று பார்த்துச் சந்தோஷப்பட்ட குடும்பம் எங்களுடையது. அவர் முதுகு தரைக்கு இணையாக வளைந்த அன்று அம்மா தேங்காய் உடைத்தாள்.

வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் அம்மாவும் நானும் கூடப் போனோம். ஊன்றி வந்த கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி, அப்பா குனிந்தார். பழகியதைவிட நன்றாகவே குனிந்தார். பிறகு அப்படியே நின்றார். சிப்பாய் பார்த்தான். நாங்களும் குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தோம். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: வீட்டில் ஒவ்வொரு முறையும் அவரை நிமிர்த்தியது அவர் இடுப்பல்ல, நாற்காலி. குனியப் பழக்கினோமே தவிர நிமிரப் பழக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு நேரம் குனிந்து நின்ற ஆளை அந்தச் சிப்பாய் அதுவரை பார்த்திருக்க மாட்டான் போலும். திருப்தியாகத் தலையசைத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அப்பா போகவில்லை. அம்மா அவர் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, குனிந்தபடியே நகர்த்தி முனை தாண்டிக் கூட்டிப்போய், ஒரு சுவரில் சாய்த்து நிமிர்த்தினாள். அப்பா முகம் ஈரமாக இருந்தது. "அரிசிப் பை எங்க?" என்று மட்டும் கேட்டார். அரிசி வந்தது. இடுப்பு அதன்பின் சரியாகவில்லை.

ஜப்பான்காரன் போனபின் அவர் எதற்கும் குனியவில்லை. துண்டு விழுந்தால் நாங்கள்தான் எடுத்துக் கொடுப்போம்.

இப்போது என் முழங்காலுக்கு உடற்பயிற்சி. சிகிச்சை தரும் பெண் எனக்குப் பேத்தி வயது. "ஆன்ட்டி, நாற்காலியப் பிடிச்சுக்குங்க. முழங்கால மடக்கிக் குனிங்க. வெரி குட்" என்கிறாள். குனிவதைப் பாராட்டினால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. வீட்டில் அப்பாவின் நாற்காலி முன் நின்று செய்கிறேன். வார்னிஷ் போன இடங்களில் கையை வைத்துக் குனிகிறேன். நிமிரும்போது மட்டும் கையை எடுத்துவிடுகிறேன். அவள் சொல்லித்தந்த முறைப்படி அது தவறு.