கம்பெனி வேனில் மட்டும் சத்தமாகப் பேசிய மாரீஸ்வரி அக்கா

மாரீஸ்வரி அக்கா இறந்துவிட்டார். மஞ்சள் காமாலை. நேற்று அடக்கம்.

இது பொய் ஐடி... யார் என்று கேட்காதீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, அண்ணன் டிடிபி வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் டைப் செய்கிறேன். அப்பா பார்த்தால் தோலை உரித்துவிடுவார்.

அக்காவும் நாங்களும் ஒரே சனம். மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். எங்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு, எழுத்து கிடையாது.

இருந்தது ஒரே காம்பவுண்டில், வாடகைக்கு. நாங்கள் யாரென்று வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார். அதனால் எங்கள் பேச்சு கதவைச் சாத்திய பிறகுதான். அதுவும் கிசுகிசுவென்று.

பட்டாசு கம்பெனி வேனில் ஏறியதும் அக்கா வேறு ஆள். ஃபோர்மேனை ஏசுவதற்காக வேன் முழுக்க எங்கள் பேச்சைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். தமிழ்க்காரப் பேச்சியம்மாள், தெலுங்கு பேசும் ராமுத்தாய், எல்லோரும் அதில்தான் ஏசுவார்கள். அந்த வேனில்தான் நான் ஸ்கூலுக்குப் போவேன்.

"ஏட்டி மாரீசு, குரங்கு மூஞ்சிக்கு என்னமோ சொன்னியே, இன்னொருக்கா சொல்லு. இன்னைக்கு லோடு ஏத்தும்போது அவனுக்குக் குடுக்கணும்" என்பார் பேச்சியம்மாள்.

"பாத்துக்கா... போன தடவ சாமி மந்திரம்னு நெனச்சுக் கும்பிட்டுட்டான்!"

ஜாதிச் சான்றிதழுக்காக அக்கா ஒரு ஆபீசுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். "எங்க, உங்க பாஷையில ஒரு பாட்டுப் பாடு பாப்போம்" என்றார் அங்கிருந்தவர். அக்கா பாடினார். செல்போனில் வீடியோ எடுத்துச் சிரித்தார்கள். சான்றிதழ் தரவில்லை.

நேற்று அதைவிட அசிங்கம். அக்காவின் சித்தி எங்கள் பேச்சில் ஒப்பாரியை ஆரம்பித்ததும் அப்பா ஓடினார்.

"ஏத்தா, தமிழ்ல அழு. வீட்டுக்காரரு நிக்காரு."

சித்தியும் உடனே மாற்றிக்கொண்டார். பிணத்துக்கு முன்னால்கூட! சீ...

அப்போது கம்பெனி வேன் வந்தது. பேச்சியம்மாள் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த எங்கள் வார்த்தைகளை எல்லாம் சொல்லிக் கதறினார். எல்லாமே ஏச்சு. அவருக்கு வேறு தெரியாது. ராமுத்தாயும் சேர்ந்துகொண்டார்.

வீட்டுக்காரர் கேட்டார். "இது என்ன பாஷை?"

"இவ பாஷைதான். இதுல அழுதாத்தான் இவளுக்குக் கேக்கும்" என்றார் பேச்சியம்மாள்.

"இங்கன வேற யாரு இத பேசுவா?"

எங்கள் சனம் அம்புட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்பாவும்தான்.

நான் அக்காவின் காதுப் பக்கம் குனிந்து, வழியனுப்பச் சொல்வதை எங்கள் பேச்சிலேயே சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது.

அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. காலையில் வீட்டுக்காரர் அவரை வரச் சொல்லியிருக்கிறார்.

நல்லபடியாகப் போங்க, அக்கா.