மச்சினன் கொடுத்த கார் ஆயில்

போன வாரம் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறக்கிவைக்க உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

எட்டயபுரத்திலிருந்து எப்போதும்வென்றான் போகிற வழி. ஒரு பாலத்து ஏற்றத்தில் எதிரே ஒரு பைக் அலறிக்கொண்டிருந்தது. அலறல் மட்டும்தான்... வண்டி நகரவில்லை. இரண்டு பக்கமும் பால் கேன்கள். ஓட்டியவர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். என் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நானும் பின்னால் கை கொடுத்தேன்.

பெயர் சுடலைமணி. சுற்றியுள்ள ஊர்களில் பால் எடுத்து எட்டயபுரத்தில் ஒரு பால் சென்டரில் ஊற்றுகிறவர். சென்டர்காரர்கள் நேரமானால் கதவைச் சாத்திவிடுவார்கள். கரிசல்காட்டு வெயிலில் பால் காத்திருக்குமா? அந்த மாதத்தில் பல தடவை பிந்திவிட்டாராம். இன்னொரு தடவை பிந்தினால் அந்த ஊர்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கேன்களால்தான்.

வண்டிக்கு என்ன என்று கேட்டேன்.

"ஆக்சிலேட்டர முறுக்குனா கத்துது அண்ணாச்சி, ஓட மாட்டேங்கு. லோடு அதிகம்னு சொல்லுதாவ. இதே லோடத்தான எத்தனையோ வருசமா ஏத்துதேன்?"

கிளட்ச் வழுக்குகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராக நான் பார்த்த வேலைகளில், திருப்பூரில் ஒரு பட்டறையில் பைக் சாமான் கழுவியதும் ஒன்று. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊறி விரல் தோல் உரியும். சோறு போட்டார்கள், கழுவினேன். அங்கே காதில் விழுந்தது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

கிளட்ச் பிளேட்டை மாற்றியாகிவிட்டதாம். புது பிளேட் போட்டும் சில நாளில் பழைய கதை. சரி, என்ன ஆயில் ஊற்றினீர்கள்?

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சென்னையில் டாக்ஸி ஓட்டுகிற மச்சினன், கோயில் கொடைக்கு வந்தபோது கொடுத்ததாம். கார் ஆயில் – ஃபுல் சிந்தெட்டிக்!

"நாம வாங்குத ஆயிலா அது? அத்தானுக்குன்னு ஆசையா கொண்டாந்தான். வேண்டாம்னா வீட்டுல அவ என்னைய சும்மா விடுவாளா?"

யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்?

காரில் கிளட்ச் தனியாக, காய்ந்த இடத்தில் இருக்கிறது. இன்ஜின் ஆயில் அதைத் தொடாது. அதனால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க, உராய்வைக் குறைக்கிற சரக்கைக் கார் ஆயிலில் தாராளமாகச் சேர்க்கலாம். நம் கியர் பைக்கில் அப்படி இல்லை. இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. பிளேட்டுகள் நனைந்துகொண்டே ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்குகிற ஆயிலை ஊற்றினால்? கத்தும். ஓடாது.

சிந்தெட்டிக் என்பது குற்றமில்லை. பைக்குக்கும் சிந்தெட்டிக் உண்டு. டப்பாவின் பின்னால் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று தரக்குறி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. பத்து டபிள்யூ முப்பது, இருபது டபிள்யூ நாற்பது என்பதெல்லாம் ஆயில் குளிரிலும் சூட்டிலும் எப்படி ஓடும் என்கிற கணக்கு. எது நம் வண்டிக்கு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். விலை அதிகமானால் சத்தும் அதிகம் என்பதற்கு இது என்ன பாதாம் பருப்பா?

தள்ளியும் ஊர்ந்தும் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு சாத்தியிருந்தது. சுடலைமணி அதைத் தட்டக்கூட இல்லை.

நேராக அவருடைய மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன். பிளேட் மாற்றும்போது இந்த ஆயிலை இறக்கியிருப்பீர்களே, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் வெகு பெருமையாகச் சொன்னார்:

"புது ஆயில்லா, கீழ ஊத்த மனசு வருமா? வேட்டித் துணியில வடிகட்டி அதையே திரும்ப ஊத்திட்டேன்."

புது பிளேட்டை எடுத்து அதே ஆயிலில் ஊறப்போட்டிருக்கிறார்! அவர் ஏமாற்றவில்லை. மச்சினனும் கெட்டது நினைக்கவில்லை. எல்லாரும் நல்லது செய்து செய்தே ஒரு மனிதரை நடுரோட்டில் நிறுத்திவிட்டார்கள்.

என் கோபமெல்லாம் அந்த டப்பாவின் மேல்தான். முன்பக்கம் பளபளவென்று பறக்கிற காரின் படம். தெரிய வேண்டிய விஷயம் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில். பருத்திக்கு அடிக்கிற மருந்தோடுகூடத் தமிழில் ஒரு தாள் வைக்கிறார்களே ஐயா! 'கியர் பைக்கில் ஊற்றாதே' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டால் கம்பெனி முழுகிவிடுமா? விற்ற கடைக்காரர் 'எதுக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா?

அன்றே ஆயிலை மாற்றி, மறுபடியும் புது பிளேட் போட்டார்கள். மறுநாள் சென்டரில் நானும் போய்க் கெஞ்சினேன். அவருடைய ஊர்களுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. அங்கே கிடந்த அவருடைய மிச்சக் கேன்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது சென்னையிலிருந்து போன். ஆயில் எப்படி இருக்கிறது என்று மச்சினன் ஆசையாகக் கேட்கிறான். சுடலைமணி என்னைப் பார்த்தார், வண்டியில் தொங்கிய காலி கேன்களைப் பார்த்தார்.

"வண்டி இப்போ பஞ்சு மாதிரி போவுது மாப்ள" என்றார்.