அதுக்கென்னுங்க, தாராளமாப் பண்ணுங்க

எங்கள் பேண்டின் புது ஆல்பம் வெளிவந்த அன்று நான் அடுப்படியில் குழந்தைக்கு ராகிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். எங்கள் பேண்ட் என்று வாய் தவறிச் சொல்லவில்லை. கல்லூரி முடித்த கையோடு சேர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல், வயிற்றில் ஆறு மாதம் ஆகும் வரை அதில் டிரம்ஸ் வாசித்தவள் நான். அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில்கூட என் கை இல்லை.

போனை அஞ்சறைப் பெட்டி மேல் சாய்த்துவைத்துக் கேட்டேன். கிளப்பில் ஆடுவதற்கு வைக்கிற அந்தச் சீரான அடி முதலில் வந்தது. அதன்மேல் மேற்கு ஆப்பிரிக்கப் பாணியில் ஒரு கிட்டார், அப்புறம் பிரேசில் தாளம், அரபு நாட்டு வயலின் மாதிரி ஓர் இழுப்பு, நடுவில் நம்ம ஊர் உருமி. இத்தனையும் ஒரே ஆல்பத்தில் எப்படி ஒட்டும் என்று யாருக்கும் சந்தேகம் வரும். எங்கள் பக்கத்துக் கல்யாண ரிசப்ஷன் பந்தியில் கோபி மஞ்சூரியனும் பணியாரமும் ஒரே இலையில் விழுவதில்லையா, அப்படித்தான் ஒட்டியிருந்தது. ஆல்பம் நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மட்டமாக இருந்திருந்தால் ஒரு பெருமூச்சோடு முடிந்திருக்கும். கஞ்சி அடிப்பிடித்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர்தான் பேண்டின் ஆணிவேர். பாடகன் என்னைவிடச் சின்னவன், பீளமேட்டில் ஒரு காலத்தில் மில் வைத்திருந்த வீட்டுப் பையன். அவர்களுடைய காலி பஞ்சு குடோனில்தான் எங்கள் ரிகர்சல். கீபோர்டு வாசிப்பவர் கருமத்தம்பட்டிக்காரர், வயதில் மூத்தவர், வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. எங்கள் தாளத்துக்கே அந்தத் தறிச் சத்தம்தான் மூலம் என்று யாரோ இணையத்தில் உருகி எழுதியபோது அவர் சிரித்துவிட்டார். சின்ன வயதில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கினவனுங்க நான் என்றார்.

கல்லூரி விழாக்கள், ரிசப்ஷன்கள் என்று வாசித்துப் பெயர் வாங்கினோம். மேடையில் எல்லாமே கையால் வாசிப்பது, முன்கூட்டிப் பதிந்த எதையும் ஓடவிடுவதில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. கிளப் இசையை உள்ளே கொண்டுவரலாம் என்ற யோசனையே அப்படி ஒரு ரிகர்சலில் வந்ததுதான். நான் சும்மா காலால் பெரிய டிரம்மில் அந்த நேர் அடியைப் பிடித்தேன். அவர்கள் இருவரும் மேலே என்னென்னவோ வாசித்துப் பார்த்தார்கள். அரைமணி நேரம் விடாமல் மிதித்ததில் என் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. குதித்துக் குதித்து நொண்டினேன், மூன்று பேரும் சிரித்தோம். அடுத்த ஆல்பம் இதுதான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அப்படி ஒரு சந்தோஷமான நாள் எனக்கு அதற்குப் பிறகு பேண்டில் வாய்க்கவில்லை.

தலைப்பிரசவத்துக்குக் கிணத்துக்கடவில் அம்மா வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கையில் அவர்கள் இருவரும் பார்க்க வந்தார்கள். கையில் ஆப்பிள், பேபி சோப்பு டப்பா, குழந்தைக்கு ஒரு சட்டை. வந்தவர்கள் கூடத்தில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்பதில் ஆரம்பித்து, பொள்ளாச்சி ரோட்டில் போக்குவரத்து, தென்னைக்கு வந்த வெள்ளை ஈ என்று சகலத்தையும் பேசினார்கள். அம்மா இரண்டு தடவை காப்பி கொடுத்தாள். ரெக்கார்டிங் எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்று நச்சரிக்கிற மாதிரி ஆகிவிடுமே. அவர்களாகச் சொல்லட்டும் என்று மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கிளம்புகிற நேரத்தில் பாடகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, இந்த ஆல்பத்துக்கு மெஷின்லயே தாளம் போட்டுக்கலாமான்னு ஒரு யோசனைங்க. கிளப் மியூசிக்னா எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆள் வேண்டாம் என்பதை இவ்வளவு பதவிசாகச் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும் என்று நினைத்தேன். நானும் அதே ஊர்க்காரிதானே. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"அதுக்கென்னுங்க தம்பி, தாராளமாப் பண்ணுங்க" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிம்மதி போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அம்மா சும்மா அனுப்புவாளா, ஆளுக்கு ஒரு மூட்டை தேங்காயை வண்டியில் ஏற்றிவிட்டாள். கார் தென்னந்தோப்பு தாண்டுகிற வரை சிரித்த முகமாகக் கையாட்டிவிட்டு உள்ளே வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொன்னாள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

பீளமேட்டுக்குத் திரும்பிய பிறகு ரெக்கார்டிங் நடப்பது காதில் விழுந்தது. குடோன் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கப் போவேன், கதவு வரை போகாமல் திரும்பிவிடுவேன். உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் கேட்டிருந்தால்கூடப் போதும், எல்லாம் மாறியிருக்கும். ரோஷம் விடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற ஆள் நான் இல்லை என்று வீட்டுக்காரரிடம் வீராப்பாகப் பேசினேன். அவர் மையமாகத் தலையாட்டினார்.

ஆல்பம் வந்து சில வாரம் கழித்து அவினாசி ரோட்டில் ஒரு அரங்கில் அதை முழுசாக மேடையில் வாசித்தார்கள். அழைப்பு வந்திருந்தது, முதல் வரிசையில் இடமும் போட்டிருந்தார்கள். மேடை என்பதால் மெஷின் தாளத்தோடு சேர்ந்து வாசிக்க ஒரு டிரம்மரை வைத்திருந்தார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், காதில் ஹெட்போன். பீளமேட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து ஆடினார்கள். இன்ஜினியர்களாகத் தெரிந்த நாலைந்து பேர் அடையாள அட்டையைக் கழற்றாமலே ஆடினார்கள். நான் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வலது கால் தன்பாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த முடியவில்லை.

முடிந்ததும் கீபோர்டுக்காரர் என்னைத் தேடிக்கொண்டு கார் நிறுத்துகிற இடத்துக்கே வந்துவிட்டார். குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார். நன்றாக இருந்ததுங்கண்ணா என்றேன். அவர் குழந்தையைப் பார்த்தபடியே பேசினார்.

"குடோன்ல உங்க டிரம்ஸை அந்த இடத்தை உட்டு நகத்தவே இல்லீங்க அம்மணி. மைக்கெல்லாம் மாட்டித் தயாரா வெச்சிருந்தோம். நீங்க அன்னைக்கு 'நா இருக்கறப்ப மெஷின் எதுக்குங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் கெணத்துக்கடவுக்கே வந்தோம்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அப்படியானால் வாசிக்க வாருங்கள் என்று கேட்டிருக்கலாமே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன்.

"பச்சக் கொழந்தையை வெச்சிருக்கறவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது? கேட்டா உங்களால மறுக்கவும் முடியாதுங்களே. அதான், சங்கடமில்லாம நீங்க ஒதுங்கிக்க ஒரு வழி வெச்சுப் பேசுனோம். நீங்க தாராளமாப் பண்ணுங்கன்னுட்டீங்க."

அவர்கள் எனக்கு வழிவிட்டிருக்கிறார்கள். நான் அதைக் கதவடைப்பு என்று எடுத்துக்கொண்டேன். என் தாராளத்தை அவர்கள் மறுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். திரும்பிப் போன பிறகு மெஷினைத் தொடவே பாடகனுக்கு மனசு வரவில்லையாம். மூன்று பேரில் ஒருவருக்காவது கொஞ்சம் நாகரிகம் குறைவாக இருந்திருந்தால் இந்த ஆல்பம் வேறு ஆல்பமாக இருந்திருக்கும்.

அந்த இடத்தில், பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"எனக்கு வாசிக்கணும்ங்கண்ணா. இனிமே வர்ற நிகழ்ச்சியிலெல்லாம் நான் வாசிக்கணும்."

அவர் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னைக்கு டிரம்ஸ் வாசிச்சவரு பம்ப் கம்பெனி வேலையை உட்டுப்போட்டு வந்துருக்காருங்க. ஊட்டுல ரெண்டு கொழந்தைங்க. ஒரு வருசத்துக்கு அவருதான்னு நாங்களும் வாக்குக் குடுத்துட்டோம்."

இரண்டு குழந்தைக்காரரை அனுப்பிவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அதற்குள் அந்த மனிதரே ஒரு கையில் சிம்பல் தட்டுகள் வைத்த பையும் மறுகையில் தண்ணீர் பாட்டிலுமாக எங்களை நோக்கி வந்தார். வியர்வையில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"உங்க இடத்துல உக்காந்து வாசிக்கறமேன்னு ஒரே பயமுங்க. எப்படிங்க இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா வாசிச்சீங்க" என்றேன்.

உபசாரத்துக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே நன்றாகத்தான் வாசித்தார்.