செல்லையா சலூனின் ஜனாதிபதி

"…இரண்டு வருஷமா வெள்ளிக்கு வெள்ளி சாம்பிராணி காட்டியிருக்கிறன், ஐயா. இப்ப வந்து அவன் கொலைகாரன் எண்டால், நான் எந்த முகத்தோட கடை திறக்கிறது?"

இப்படிக் கேட்டவர் செல்லையா. வெள்ளவத்தையில், காலி வீதியில் சலூன் வைத்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் இதைக் கேட்டபோது என் முகத்தில் பாதி நுரை. அவர் கையில் கத்தி. அந்த நிலையில் இருக்கும் மனிதன் யோசித்துத்தானே பதில் சொல்லவேண்டும்?

விஷயத்தைச் சொல்கிறேன்.

செல்லையாவின் கண்ணாடிக்கு மேலே மூன்று படங்கள். நடுவில் முருகன். வலது பக்கம் நம் ஆங்கிலேய மன்னர். இடது பக்கம் அமெரிக்க ஜனாதிபதி — அப்படித்தான் இரண்டு வருஷமாக எல்லோரும் நினைத்திருந்தோம். வாட்டசாட்டமான ஒரு மனிதர் காரிலிருந்து இறங்குகிறார். சிரித்த முகம். படிய வாரிய தலை. கைகள் இரண்டையும் மூடியபடி ஓர் ஓவர்கோட்டு. இரண்டு பக்கமும் தோளை உரசிக்கொண்டு இரண்டு பொலிஸ்காரர். பின்னால் எட்டி எட்டிப் பார்க்கும் சனக்கூட்டம்.

துறைமுகத்தில் வேலை செய்யும் வாடிக்கைக்காரர் ஒருவர் கொடுத்த பழைய அமெரிக்க சஞ்சிகையில் இருந்த படம். செல்லையா அதை வெட்டிச் சட்டம் போட்டார். விபரம் அச்சிட்டிருந்த மற்றப் பக்கம்? கத்தியில் வழித்த நுரையைத் துடைக்கச் சலூன்காரருக்குத் தினமும் கடதாசி வேண்டுமே… அதற்குப் போய்விட்டது.

"இரண்டு பக்கமும் பொலிஸ் காவலோட வாறார். பெரிய ஆள் எண்டு ஆரும் சொல்லவேணுமே?" என்பார் செல்லையா.

நியாயம்தான். மன்னருக்காக நம்மை ஆளும் தேசாதிபதி போனாலும் அப்படித்தானே போகிறார்?

முகத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்கிறீர்களா? நம் மன்னரின் முகம் முத்திரையில் இருக்கிறது, காசில் இருக்கிறது. கண்ணை மூடினாலும் தெரியும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை 'ஆளை மாற்றலாமா' என்று யோசிக்கும் நாட்டில் யாருடைய முகத்தை மனப்பாடம் செய்வது?

சரி, இது சாக்கு. ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படத்தை மனத்தில் வைத்து, இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில், 'உழைத்து முன்னுக்கு வந்தவனின் தாடை' என்று எழுதியவன் நான்தான். பாராட்டிக் கடிதம்கூட வந்தது.

அந்த வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, வடக்கில் பள்ளிக்கூடம் நடத்தும் ஓர் அமெரிக்கப் பாதிரியார் முடி வெட்ட வந்தார். லீவு முடிந்து கப்பலால் இறங்கியவர். யாழ்ப்பாணம் போகிற வழி. நம்மைவிடச் சுத்தமான தமிழ் அவருக்கு. செல்லையா பெருமையோடு படத்தைக் காட்டி, "உங்கட ஐயாவும் எங்களோடதான் இருக்கிறார்" என்றாராம். பாதிரியார் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து, கிட்டப் போய்ப் பார்த்தார்.

"செல்லையா, இவர் எங்கள் ஜனாதிபதி அல்லர். மதுவிலக்கு நாட்களில் சாராயம் கடத்தியவர். ஆட்களையும் கொன்றவர். இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது கைவிலங்கு."

அந்த நேரத்தில் வாங்குப் பலகையில் முறைக்குக் காத்திருந்தவர் பக்கத்துப் புடைவைக் கடைக் காதர் நானா. செய்தி வெளியே போக வேறு வழியும் வேண்டுமா?

வீதியின் எதிர்ச்சாரியில் ஒரு புதுச் சலூன் வந்திருக்கிறது. சுழலும் நாற்காலி, மின்சார விசிறி, எல்லாம் உண்டு. செல்லையாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று — மரியாதை. பிள்ளைகளைத் தனியே அனுப்பலாம், கண்ட கதை இல்லை, கண்ட படம் இல்லை. வாத்திமாரும் குமாஸ்தாமாரும் அதற்காகத்தான் வருகிறார்கள். இப்போது எதிர்ச்சாரியில், 'அங்கே கள்ளனுக்குப் பூசை நடக்கிறது' என்று ஒரே சிரிப்பு. புதனும் வியாழனும் செல்லையாவின் வாங்கு காலி. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்: நானும், வேடிக்கை பார்க்க வந்த காதர் நானாவும்.

"என்னா செல்லையா, இண்டைக்கு வெள்ளிக்கிழம. ஒங்கட ஆளுக்குச் சாம்பிராணி ஈக்கிதா, இல்லாட்டிப் பிணையில எடுக்கப் போறீங்களா?"

"நானா, நீங்களும் இந்தப் படத்துக்குக் கீழ இருந்துதான் 'ஆள் எண்டா இப்பிடி இருக்கவேணும்' எண்டனீங்கள்."

"நான் அவர்ட கோட்டத்தான் அப்பிடிச் சென்னேன். துணி நல்ல துணி."

"கழற்றி வைத்துவிடுங்கள், செல்லையா" என்றேன் நான், நுரை வாய்க்குள் போகாமல்.

"கழட்டினா செவத்தில அடையாளம் ஈக்கும்" என்றார் நானா. "வாறவன் போறவன் எல்லாம் கேப்பான், எங்க ஜனாதிபதி எண்டு."

செல்லையா கத்தியோடு படத்தடிக்குப் போனார். நான் அமெரிக்காவைப் பற்றி யோசித்தேன். பாதிச் சவரத்தில் வேறென்ன செய்ய முடியும்?

பெரிய நாடு. நல்ல எண்ணமும் உள்ள நாடு. ஊரில் ஒருவரும் குடிக்கக் கூடாது என்று ஒரே சட்டமாகப் போட்டார்கள். தாகம் நின்றதா? கடத்துகிறவன் கோட்டு வாங்கினான், அவ்வளவுதான். இங்கேயும் கள்ளுத் தவறணைகளை மூடச் சொல்லி மனுவோடு வருகிறார்கள். நல்ல மனிதர்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் வீட்டில், கோயிலில், பள்ளிக்கூடத்தில் செய்யவேண்டிய வேலையைச் சட்டத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் கையைக் கழுவ முடியுமா? நான் பழைய ஆள்… எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

"ஐயா," என்றார் செல்லையா திடீரென்று. "நான் பாதிரியாரைக் கேட்டனான், இந்த இரண்டு பொலிஸ்காரருக்கும் பேர் என்ன எண்டு. தெரியாதாம். கள்ளன்ர தொப்பி எந்தக் கடையில வாங்கினது எண்டு பேப்பரில வந்ததாம். இவையின்ர பேர் வரயில்லையாம்."

பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் நான். என் முகத்தில் நுரை இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அவன் துப்பாக்கியோடு திரிந்தபோது அவனைத் தேடிப் போனவர்கள் அந்த இருவர். வீட்டில் பெண்சாதி பிள்ளைகள் இருந்திருப்பார்கள். படத்தில் இருவரும் சிரிக்கவும் இல்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை; தங்கள் வேலையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். இரண்டு வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழே முகத்தை நிமிர்த்தி இருந்தேனே, ஒருநாளாவது அவர்களைப் பார்த்தேனா?

செல்லையா வாங்கில் ஏறிப் படத்தைக் கழற்றினார். சட்டத்தைப் பிரித்தார். கத்தியைத் தோல்வாரில் இரண்டு தரம் இழுத்தார். எனக்குச் செய்வதைவிடக் கவனமாக, மேலிருந்து கீழே ஒரு கோடு, பிறகு இன்னொரு கோடு. நடுவில் நின்றவர் சிரித்த முகத்தோடு கழன்று விழுந்தார். என் மீதி நுரையையும் வழித்து, கத்தியை அவரிலேயே துடைத்து, குப்பைக் கூடையில் போட்டார்.

"அந்தக் கோட்டயாவது உட்டு வெச்சீக்கலாம்" என்றார் காதர் நானா. ஆனால் பசைச் சிரட்டையை எடுத்து நீட்டியவரும் அவர்தான்.

மிஞ்சிய இரண்டு துண்டையும் சேர்த்து ஒட்டினார் செல்லையா. பொலிஸ்காரர் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள், ஏதோ நெடுநாள் சிநேகிதர் போல. சட்டம் மறுபடி சுவரில் ஏறியது. சாம்பிராணிச் சட்டி புகைந்தது. முதலில் முருகனுக்குக் காட்டினார்.

அடுத்து அந்த இரண்டு பேருக்கும். மன்னருக்கு அதற்குப் பிறகுதான்.